விராலுக்குத் தவளை

மழை விட்ட மறுநாள் என் கடையில் மண்புழு நிற்காது, ஐயா. அணைக்கு மீன் பிடிக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரை என்றாலே புழுதான். படித்துப் படித்துச் சொல்வேன். கெண்டைக்குப் பிசைந்த மாவு போதும். கெளுத்திக்கு நாற்றம் வேண்டும், வெயிலில் வைத்த கோழிக்குடலைப் போடு. விரால் செத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு உயிருள்ள தவளை. முதுகுத்தோலில் மட்டும் தூண்டில் முள்ளைக் கோத்து நீந்த விட வேண்டும். மண்டையை ஆட்டிக் கேட்டுவிட்டுப் புழுவையே வாங்கிப் போவார்கள். சாயங்காலம் வெறுங்கையோடு வந்து தண்ணீரைக் குறை சொல்வார்கள். இவர்களிடம் வாய் வலிக்கப் பேசித்தான் என் காலம் போயிற்று.

என் தங்கை புருஷன் இந்தக் கூட்டத்துக்கே தலைவன். டைல்ஸ் கடையில் மேனேஜர். லீவு நாளானால் பளபளவென்று ஒரு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

"பசிச்சா எதப் போட்டாலும் கடிக்கும் மச்சான். நீங்க என்னமோ டாக்டர் மாதிரி மருந்து எழுதிக் குடுக்கறீங்க" என்பான், வந்தவர்கள் எதிரிலேயே. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கோபமெல்லாம் இல்லை. ஈ மொய்த்தால் யாராவது கோபப்படுவார்களா?

அன்றைக்கு அணையின் ஷட்டர் ஆபரேட்டர் கடைக்கு வந்தார். "நாளைக்குக் காலையில தண்ணி தொறக்கறோம். சைரன் வேற ரிப்பேர். கீழ்ப்பக்கம் யாரும் போகாமப் பாத்துக்குங்க. உங்ககிட்ட வராம யாரும் தூண்டி போடப் போறதில்ல" என்றார். பொறுப்பான மனிதர். நானும் பொறுப்பாகத்தான் நடந்துகொண்டேன். வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

அவனிடம் மட்டும் வேறு சொன்னேன். ஷட்டருக்கு நேர் கீழே, பாறை இடுக்கில் கிடக்கிற குட்டையில் தொடை கனத்துக்கு ஒரு விரால் இருக்கிறது என்றேன். விடிந்ததும் போய்விடு, யாரிடமும் மூச்சு விடாதே, கடைசிப் படிக்கும் கீழே இறங்கி உட்கார், அசையாதே என்றேன். இருப்பதிலேயே துடியான தவளையாகப் பார்த்துக் கொடுத்தேன்.

"எனக்கா மச்சான்?" என்றான். கண் கலங்கியிருந்தது. அற்பனுக்கு அவ்வளவு போதும்.

காலையில் நான் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது தங்கை வந்தாள். கையில் பிளாஸ்க்.

"காபிய மறந்துட்டுப் போயிட்டாருண்ணே. எந்தப் பக்கம் உக்காந்திருக்காரு?"

கையை நீட்டிக் காட்டினேன்.

போகிறவள் நின்று திரும்பினாள். "அவரு விளையாட்டுக்குப் பேசறத மனசுல வெச்சுக்காதண்ணே. மீனப் பத்தி உன் அளவுக்குத் தெரிஞ்சவங்க யாருமில்லன்னு வீட்ல ஓயாம சொல்லுவாரு. உன்கிட்ட ஒழுங்காக் கத்துக்கணும்னு அவருக்கு ஆச. கேக்கத்தான் கூச்சம்."

இதை என்னிடமே சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாதவனுக்கு நான் என்ன செய்ய முடியும்?

ஷட்டர் திறக்க இன்னும் நேரம் இருந்தது. அவளைக் கூப்பிட்டிருக்கலாம். ஓடிப்போய் இரண்டு பேரையும் மேலே ஏற்றியிருக்கலாம். ஆனால் அந்த விரால் தவளையை எடுக்குமா, எடுக்காதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் இரையும் சத்தம் கேட்கும் வரைக்கும் அப்படியேதான் இருந்தேன்.

அவனை நான்தான் கொன்றேன். அதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் என் தங்கையையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள், ஐயா. படி வழுக்கும், பார்த்து இறங்கு என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியவனே நான்தான்.