அவர் சொல்லச் சொன்னார்

காபியில் சர்க்கரை போதாவிட்டால் சொல்லுங்கள். என் கைக்கு எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் விழும். விசாரணைக்கு வந்த அதிகாரி என்பதற்காக ஒன்றும் குடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டாம். கர்னல் உள்ளே தூங்குகிறார். நாம் நிதானமாகப் பேசலாம்.

நேற்று என் கணவர் உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். உத்தரவு தன்னுடையதுதான், ஆனால் கொடுத்தது நினைவில் இல்லை என்று சொல்லியிருப்பார். தலையில் அடிபட்டவர் சொன்னால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். ஆனால் அது உண்மையில்லை. அதைச் சொல்லத்தான் உங்களை இன்று மறுபடி வரவழைத்தேன்.

நான் இதே முத்தியால்பேட்டையில் பிறந்தவள். என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். எங்கள் ஊரில் சொல்தா என்போம். அல்ஜீரியாவுக்குப் போனவர் பெட்டியில்கூடத் திரும்பவில்லை. பென்ஷன் மட்டும் கடல் தாண்டி ஒழுங்காக வந்தது. அதைச் சாப்பிட்டு வளர்ந்தவள், கடைசியில் ஒரு ராணுவக்காரரையே கட்டிக்கொண்டேன். புத்தி கெட்ட வேலைதான். ஆனால் அம்மா மாதிரி பென்ஷனுக்குக் காத்திருப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன்.

இந்த வருடம் படைகள் எல்லைக்குப் போனபோது அவருடைய ரெஜிமென்ட் ராஜஸ்தான் மணலில் கண்ணிவெடி புதைத்துக்கொண்டிருந்தது. விளக்குப் போடாமல் ஓடிய அவருடைய ஜீப் கவிழ்ந்தது. செல்வகுமார் என்று ஒரு சிப்பாய், பாகூர்ப் பக்கத்துப் பையன், அவரை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறான். ராணுவ மருத்துவமனையில் கிடந்துவிட்டு, ஓய்வெடுக்க இங்கே வந்தார். அங்கே அவர் இடத்தில் மேஜர் பிரேம்குமார் பொறுப்பேற்றார்.

உங்கள் ரெஜிமென்டுகளின் பழக்கம் உங்களுக்கே தெரியும். கமாண்டர் உயிரோடு இருக்கிறவரை அவர் நாற்காலியில் இன்னொருவர் மனதார உட்காருவதில்லை. பிரேம்குமார் நல்ல மனிதர், சொந்தமாக ஒரு முடிவெடுக்க மட்டும் வராது. தினமும் சாயங்காலம் பக்கத்து ஊர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவார். நான் உள்ளே போய்க் கேட்டுவந்து சொல்வேன். ஆரம்பத்தில் ஒரு வார்த்தை கூட்டிக் குறைக்காமல்தான் சொன்னேன்.

ஆனால் ஒவ்வொரு போனுக்குப் பிறகும் அவர் படுக்கையில் இருக்க மாட்டார். கைத்தடி எங்கே, டிக்கெட் போடு, நான் போகிறேன் என்பார். டாக்டர் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். நான் இரண்டு கொடுத்தேன். ஓய்வுதான் மருந்து என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள்.

அவர் தூங்கும்போது போன் வந்தால் யாராவது பதில் சொல்ல வேண்டாமா. தண்ணீர் லாரியை ரெஜிமென்டில் எந்தக் கம்பெனிக்கு முதலில் அனுப்புவது, சமையல்காரன் சண்டைக்கு என்ன தண்டனை, இப்படித்தான் தொடங்கியது. அவர் யாருக்கும் காரணம் சொல்கிறவர் இல்லை. அதனால் எனக்குச் சுலபமாக இருந்தது. ஒரு வரி சொல்லி, "அவர் சொல்லச் சொன்னார்" என்று முடித்துவிடுவேன். வெளியே சொல்லிக்கொள்ள முடியாதே தவிர, ரெஜிமென்ட் நன்றாகவே நடந்தது. மேலதிகாரி பிரேம்குமாரைப் பாராட்டினாராம். அதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

அப்போதுதான் செல்வகுமாரின் அம்மா சின்னப்பொண்ணு ஒரு பை மல்லாட்டையோடு, அதான் வேர்க்கடலையோடு, வந்து வாசலில் நின்றாள். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

"ஒரே தங்கச்சிம்மா. அண்ணங்காரன் பக்கத்துல நிக்கலன்னா நல்லாவா இருக்கும்? ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

சொல்கிறேன் என்றேன். மல்லாட்டையை வேகவைக்கும்போதுதான் யோசித்தேன். வந்தால் அவன் இந்த வீட்டுக்கும் வருவான். அவர் கட்டிலருகே நின்று, ஐயா போனில் சொன்னபடியே எல்லாம் நடக்கிறது என்பான். அவர் என்னைப் பார்ப்பார். அடுத்த ரயிலில் கிளம்பிவிடுவார். அன்று சாயங்காலம் போனில், அவனுக்கு லீவு கிடையாது என்று சொன்னேன். பிரேம்குமார் தயங்கினார். அடுத்த மாதம் அவனுக்குச் சேர வேண்டிய லீவை நிறுத்த முடியாது என்றார்.

பிறகு அங்கே மணல் புயல் அடித்தது. பிரேம்குமார் கூப்பிட்டார்.

"மேடம், மணல் நகந்துடுச்சு. கண்ணிவெடிக்கு அடையாளமா நட்ட கம்பி ஒண்ணும் காணோம். பாதைய சீக்கிரம் தொறக்கச் சொல்லி மேலேருந்து நெருக்குறாங்க. வெடி எடுக்கிற மெஷின் வர்ற வரைக்கும் நிறுத்தலாமான்னு சார்கிட்ட கேளுங்க. இப்ப உள்ள போறவன் திரும்பி வர்றது சந்தேகம்."

ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் படுக்கையறை வாசலில் போய் நின்றேன். அவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கேட்டுப் பதில் வாங்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். திரும்பி வந்தேன்.

"மெஷினுக்குக் காத்திருக்க வேணாமாம். கையாலயே எடுக்கச் சொல்றாரு. செல்வகுமாருக்குத்தான் எடம் தெரியுமாம், அவன அனுப்பச் சொன்னாரு."

மூன்று பேர் போனார்கள். மூன்று பேரும் பெட்டியில் வந்தார்கள்.

பாகூருக்கு நான்தான் மலர்வளையம் கொண்டுபோனேன். கமாண்டரின் மனைவி போவதுதான் முறை. சின்னப்பொண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயாவத் தூக்கின புள்ளம்மா. கேட்டா தாங்க மாட்டாரு. அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஆனால் உங்கள் ஆட்கள் இவரிடம் சொல்லிவிட்டார்கள். கர்னல்தான் உத்தரவிட்டார் என்று பிரேம்குமார் சொன்னாராம், பாவம், அவர் நம்புவது அதுதானே. "மெரின், நானா சொன்னேன்?" என்று இவர் என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து கைத்தடியைக் கேட்பதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். எல்லைக்குப் போகிற பேச்சே இல்லை.

விசாரணைக்காக அவரை வடக்கே அழைத்துப்போக வேண்டும் என்று நேற்று நீங்கள் சொல்லாதிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவ்வளவு தூரம் அவரால் உட்கார்ந்து போக முடியாது. எழுதிக்கொள்ளுங்கள். உத்தரவு என்னுடையது. செல்வகுமார் பெயரைச் சொன்னதும் நான்தான். போனால் திரும்ப மாட்டான் என்று தெரிந்துதான் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவருக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். தூக்கம் கெட்டுவிடும்.

கட்டில் சத்தம் கேட்கிறது, விழித்துவிட்டார் போல. கொஞ்சம் இருங்கள், மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறேன்.