பேட்ஜ் ரிப்போர்ட்

எண்பதுகளில் ஒரு ஐப்பசி. கீழ்பென்னாத்தூர் பஸ் கிளம்பியபோது மலை பாதிக்கு மேல் சாரலில் கரைந்திருந்தது. முன்சீட்டில் இருவர். வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதிக்கும் வேலை என்று பேச்சில் தெரிந்தது.

“சூடு இல்ல, வெளிச்சம் இல்ல, வாசனகூட இல்ல மச்சான். கதிர் வீசுற சோர்ஸு பெட்டிக்குள்ள திரும்பிப் போயிடுச்சுன்னு நெனச்சு கிட்ட போயிட்டேன்.”

“மீட்டர் பாக்கலியா?”

“பாத்தேன். முள்ளு சைபர்லயே நின்னுச்சு. பேட்டரி தீர்ந்துபோனது அப்புறந்தான் தெரிஞ்சுது.”

“பேட்ஜ் ரிப்போர்ட்டு வந்துச்சா? எவ்ளோ பட்டுச்சுன்னு அதுல தெரிஞ்சிடுமே.”

“ஒண்ணுமே படலன்னு வந்திருக்கு.”

“அண்ணாமலையாரே! அப்புறம் ஏன்டா மூஞ்சியத் தொங்கப்போட்டிருக்கே?”

அவன் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சாரலில் மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அன்னிக்கு வெயில் ஜாஸ்தி மச்சான். சட்டையக் கழட்டி, பேட்ஜோட ஆபீஸ் ஆணியில மாட்டிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.”