ஹோல் புக்கிங்குக்கு ஒரு சிரிப்பு

"ஹலோ... யசியோ? அத்தான் கதைக்கிறன்... ஓமோம், வேலையிலதான்... இல்லையடா, படியில நிண்டு கதைக்கிறன். உள்ளுக்க நிக்க ஏலாது, மானம் கப்பலேறிற்றுது... வேற ஆர், நானேதான் ஏத்திவிட்டனான்!"

ஆக்லாந்து நகர மையத்து அலுவலகம் ஒன்றின் அவசரப் படிக்கட்டில் நின்றுகொண்டு, மனைவி குணவதியின் தம்பி யசீகரனோடு பேசிக்கொண்டிருந்தார் கதிர்காமநாதன். பகிடிக்குப் பேர்போன மனிதர். இன்றைக்குப் பகிடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. சிரிப்புத்தான் பின்னால் வர மறுத்தது.

"கேளன். மத்தியானம் பக்கத்து மேசைப் பெடியன் ஒரு ஒன்லைன் கசினோவைக் காட்டினான். அரசாங்க அனுமதி எடுத்ததாம், சேந்தா கொஞ்ச நேரம் காசு போடாமல் சும்மா சுத்தி விளையாடலாமாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தானே, பேரைப் போட்டன். உங்களுக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கு எண்டுது... ஓம், எனக்குத்தான்... பொறு, பகிடி இனித்தான். உதவி நம்பருக்கு அடிச்சன். எல்லாரும் கேட்டுச் சிரிக்கட்டும் எண்டு ஸ்பீக்கரில வேற போட்டன். பிறந்த திகதி, விலாசம் எல்லாம் ஒப்புவிச்சன். அந்தப் பிள்ளை தேன் குரல்ல சொல்லுறாள், 'மிஸ்டர் கதிர்காமநாதன், நீங்கள் காசு போடுற எல்லை இந்த மாசத்துக்கு முடிஞ்சுது. உங்கட விளையாட்டை நினைக்க எங்களுக்குக் கவலையா இருக்கு' எண்டு... ஒருத்தரும் சிரிக்கேல்ல. மனேஜர் வந்து தோளில கை வைச்சிட்டுப் போனார். செத்தவீட்டில வைக்கிற மாதிரி..."

"ஹக்கர் ஆரும் புகுந்திட்டானோ?... ஓம் ஓம், நானும் அப்பிடித்தான் கேட்டன். இல்லையாம். அனுமதி எடுத்த இடமெண்டபடியா, ஆளை உறுதிப்படுத்தாமல் உள்ளுக்க விடாயினமாம். பாஸ்போட் பாத்தவையாம். அதைக் கன்னத்தோட பிடிச்சுக்கொண்டு நான் சிரிக்கிற படமும் பாத்தவையாம்... ஏன் பேசாமல் நிக்கிறாய்?... ரயில் சத்தமோ? சரி, போகட்டும்."

யசி நின்ற மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேசனில் ரயில் போய் முடியுமட்டும் கதிர் பொறுத்தார். அது வழக்கத்தைவிட நீளமான ரயிலாக இருந்தது.

"அந்தப் பாஸ்போட் புதுசு, யசி. அதை வைச்சு ஒரேயொரு நாள்தான் படம் எடுத்தது. எங்கட மகள் பிரணவியின்ர பிறந்தநாள் கொண்டாட மண்டபம், ஹோல் புக் பண்ண வேணும், 'ஹோல்காரர் கேக்கினம் அத்தான்' எண்டு நீ எடுத்தது. ஹோலுக்க போக விசாவும் வேணுமோடா எண்டு கேட்டனான். நீ விழுந்து விழுந்து சிரிச்சனி... இல்லை, நீ கேள். முதல் படத்தில வழுக்கை தெரியுது எண்டு, தலையைச் சீவி இழுத்துக்கொண்டு வந்து இன்னொருக்கா எடுக்கச் சொன்ன மொக்கன்டா நான்!..."

"பாதுகாப்பான இடமோ? ஆருக்கு?... ஓம், பாதுகாப்புத்தான். அனுமதியில்லாத வெளிநாட்டுக்காரன் எண்டா ஒண்டும் கேட்டிரான். இவங்கள் வயசு கேட்டவங்கள், முகம் கேட்டவங்கள், எல்லை போட்டவங்கள். சூதை விடுறன், என்னை இனி உள்ளுக்க விடாதேங்கோ எண்டு நீ கேக்க, உன்ர பேரில கதவைச் சாத்தினவங்கள். அண்டைக்குப் பக்கத்தில இருந்து 'அமத்தடா பட்டனை' எண்டது நான். கொக்கா குணவதி சந்தோசத்தில வடை சுட்டவள்... நீ அந்தப் பூட்டுக்கு என்ர மூஞ்சையைத் திறப்பாக்கிப் போட்டாய். சட்டம் எழுதினவை எல்லாக் கள்ளரையும் யோசிச்சிருக்கினம். மச்சானை யோசிக்கேல்ல."

"அழாத... அழாத எண்டுறன்... அந்த உதவி நம்பர்ப் பிள்ளை ரெண்டு வழி சொன்னவள். இது நானில்லை எண்டு சொன்னா விசாரணை, வில்லங்கம் உனக்கு. இல்லாட்டி என்ர பேரையும் பூட்டலாம். லொத்தர் சீட்டுக் கூட எடுக்காதவன் சூதாடியெண்டு பதியப்போறன். பரவாயில்லை, உனக்காகப் பதியிறன்... என்ன?... பூட்ட வேண்டாமோ?... விட்ட காசைப் பிடிச்சிட்டு நீயே கணக்கை மூடுறியோ?"

கதிர் படியில் குந்திவிட்டார். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று காத்திருந்த காதுக்கு வந்தது, தவணை கேட்கிற குரல். ஏதோ ஒன்று அப்போதுதான் அவருக்கு நினைவில் தட்டியது.

"யசி... சத்தம் போடாத, கேள். போன ஞாயிறு, 'ரெண்டு பேர் ஒப்பம் வைக்கவேணுமாம்' எண்டு கொக்காவின்ர படமும் கேட்டனி. அவள் குசினியில நிண்டவள். பாஸ்போட்டைக் கையில குடுத்து, 'இன்னும் கொஞ்சம் சிரியப்பா' எண்டு சொல்லிச் சொல்லி எடுத்து உனக்கு அனுப்பினது நான்... அது பிறகு, அது பிறகு. நான் கேக்கிறதுக்குச் சொல்லு... ரயிலை விடு!... பிரணவி சிநேகிதப் பிள்ளையள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டாள். ஓம் எண்டு சொல்லு, இல்லாட்டி இல்லை எண்டு சொல்லு. ஹோல் எண்டு ஒண்டு இருக்கோடா?"

இந்தமுறை எதிர்முனையில் ரயில் ஒன்றும் வரவில்லை.

"...இல்லையோ. ஹோலே இல்லையோ."



"வை போனை, யசி. கொக்காவின்ர பேரையும் பூட்டவேணும்."