என்னிடம்தான் முதலில் சொன்னாள்

என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் பெயரை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். 2025 ஜூன் பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தந்தையர் தினம். இருந்தவர்கள்: வீட்டுக்காரி எர்மினியா ஒச்சோவா, என் சம்பந்தி. அவள் மகன் ரொஹேலியோ, பின்பக்கம் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தான். என் பேத்தி யாரெலி, வயது பதினாறு. நான். கனேலோ என்கிற நாய். வேறு யாரும் இல்லை. வேறு யாரையாவது சேர்த்துச் சொன்னால் அது பொய்.

என் பெயர் எவுலாலியா பெரால்டா, வயது எழுபத்தொன்று, விதவை. ஐடஹோ மாநிலம் கால்டுவெல் ஊருக்கு வெளியே பழைய பண்ணைத் தொழிலாளர் குடியிருப்பில் பதினான்காம் எண் வீட்டில் வசித்து வருகிறேன். வெங்காயம் தரம் பிரிக்கும் ஷெட்டில் முப்பத்தொரு வருடம் நின்று வேலை பார்த்தேன். மூன்றாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடத் தெரியும். நான் ஸ்பானிஷில் சொல்லச் சொல்ல மொழிபெயர்க்கும் அம்மாள் மாற்றிச் சொல்ல, துப்பறியும் அதிகாரி விட்லாக் எழுதிவருகிறார். இது என் இரண்டாவது வாக்குமூலம். ஜூன் பதினாறாம் தேதி இதே அறையில் கொடுத்த முதல் வாக்குமூலத்தில், எர்மினியா என் பேத்தியை எனக்குத் தெரியாமல் காரில் ஏற்றி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆரிகன் மாநிலத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கருவைக் கலைத்துவிட்டு வந்தாள் என்று சொல்லியிருந்தேன். அதில் எனக்குத் தெரியாமல் என்று சொன்னது உண்மை அல்ல. அதைத் திருத்தவே வந்திருக்கிறேன்.

யாரெலி என் மகன் எஃப்ராயினுக்கும் எர்மினியாவின் மகள் நோர்மாவுக்கும் பிறந்தவள். 2014 டிசம்பரில் பனிமூட்டத்தில் நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் இருவரும் இறந்துபோனார்கள். அதன் பிறகு நீதிமன்றம் பிள்ளைக்குப் பொறுப்பாளராக என்னை நியமித்து உத்தரவு போட்டது. எர்மினியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று பேச்சு. வாரத்தில் ஆறு நாள் பல் தேய்த்து, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலுக்கு விழித்திருந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பி வரும்போது பிள்ளை அம்மாச்சி அப்படிச் சொன்னது, அம்மாச்சி இப்படிச் செய்தது என்றுதான் வரும். பெண் பிள்ளைக்கு எங்களவர் எடுக்கும் பதினைந்தாவது பிறந்தநாள் விழாவில் தலையில் கிரீடம் வைக்க யாரைக் கூப்பிடுவாள் என்று சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அம்மாச்சியைக் கூப்பிட்டாள். எனக்குச் செருப்பு மாற்றிவிடும் வேலை கிடைத்தது. இது வழக்குக்குச் சம்பந்தம் இல்லை என்று அதிகாரி சொன்னார். சம்பந்தம் உண்டு என்று சொன்னேன்.

மே மாதம் இருபத்தெட்டாம் தேதி புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு நான் சமையலறையில் குழம்புக்குச் சப்பாத்திக்கள்ளி மடலில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். யாரெலி வந்து எதிரே உட்கார்ந்து, "அப்பத்தா, எனக்கு ரெண்டு மாசமா வரலை" என்றாள். நான் கத்தியை நிறுத்தவில்லை. வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். "யாருக்கும் தெரியாது. உனக்குத்தான் முதல்ல சொல்றேன்" என்றாள். அதன் பிறகு அந்தப் பையன் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன், அவனைப் பற்றி இங்கே பேச வரவில்லை. அதன் பிறகு அவள், ஐடஹோவில் சட்டம் விடாது என்பதால் ஆற்றைத் தாண்டிப் போய் முடித்துக்கொள்ளலாம் என்று இருப்பதாகவும், தனியாகப் போகப் பயமாக இருப்பதாகவும் சொல்லி, "நீ கூட வர்றியா அப்பத்தா?" என்று கேட்டாள்.

மாதா மாதம் முதல் சனிக்கிழமை எங்கள் கோவில் பெண்கள் அந்த மருத்துவமனைக்கு எதிரே நடைபாதையில் நின்று ஜெபமாலை சொல்லி வருகிறோம். நானும் இருபத்தொரு மாதம் விடாமல் நின்றிருக்கிறேன். பிள்ளைக்கு அது தெரியும். கால் வலித்தால் உட்கார எனக்கு மடக்கு நாற்காலி எடுத்து வைத்துக் கொடுப்பதே அவள்தான். தெரிந்தும் என்னிடம் வந்து கேட்டாள். அதை அன்று நான் யோசிக்கவில்லை. அன்று எனக்குக் கோபம். "நான் வரமாட்டேன். அந்தக் காரியத்துக்கெல்லாம் உங்க அம்மாச்சிதான் லாயக்கு. கிரீடம் வச்சவதானே, அவளையே கூட்டிட்டுப் போ" என்றேன். "நெசமா போகட்டுமா?" என்று கேட்டாள். "போன்னுதானே சொல்றேன். எங்கிட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருக்காத" என்றேன். அவள் மேல்சட்டையை எடுத்துக்கொண்டு, பையில் துணி வைத்துக்கொண்டு போனாள். வாசல் கம்பிக் கதவு இரண்டு தடவை அடித்தது. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். தட்டில் பதினொரு மடல் இருந்தது. பதினொன்றையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அழுதுகொண்டு திரும்பி வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. பள்ளி விடுமுறை, அம்மாச்சி வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன். ஜூன் ஏழாம் தேதி முதல் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு திபுர்சியா என்ற எங்கள் கோவில்காரி வேனோடு வந்து ஹாரன் அடித்தாள். முழங்கால் வலி, வரமுடியாது என்று ஜன்னலிலிருந்து சொன்னேன். முழங்கால் வலிக்கவில்லை. பிள்ளை எந்த நாளில் போகிறாள் என்று எனக்குத் தெரியாது, அதனால்தான் போகவில்லை. நான் அந்த நடைபாதையில் உட்கார்ந்திருக்க அவள் எர்மினியாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போவதைப் பார்க்க என்னால் முடியாது. திபுர்சியாவைக் கேட்டால் அன்று நான் வராததைச் சொல்வாள். எனக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி. ஜூன் பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை அவர்கள் போய்வந்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஜூன் பதினைந்தாம் தேதி காலை பூசை முடிந்து என் மகன் கல்லறைக்குப் போனேன். எல்லா வருடமும் தந்தையர் தினத்தில் பூ வைப்பது யாரெலிதான். அன்று எர்மினியாவும் ரொஹேலியோவும் மட்டும் வந்திருந்தார்கள். பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு எர்மினியா, "அவளுக்குக் கல்லறைக் காத்து இப்ப ஆகாது சம்பந்தி" என்றாள். பிள்ளை பெற்ற உடம்புக்காரியைத்தான் கல்லறைப் பக்கம் விடமாட்டோம். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சாப்பிட வா என்று கூப்பிட்டார்கள். போனேன்.

வெளியே தொண்ணூற்றேழு டிகிரி வெயில். நாய் நிழலில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. யாரெலி காலில் கம்பளிக் காலுறை, தலையில் துணி, இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்து சூடாகப் பட்டைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மாமன் ரொஹேலியோவுக்கு ஒன்றும் தெரியாது. "ஏண்டி யாரெலி, பனிச்சறுக்குக்கு எப்ப கிளம்புற? சொல்லு, நாயையும் கூட்டிட்டுப் போ, பாவம்" என்று சிரித்தான். தர்பூசணித் துண்டில் மிளகாய்ப்பொடி தூவி நீட்டினான். அவள் கை நீட்டப் போனாள். "குளிர்ச்சி, தொடாத" என்று எர்மினியா உள்ளேயிருந்து ஒரு சத்தம்தான் போட்டாள். பிள்ளை கையை இழுத்துக்கொண்டது. நான் சொல்லி ஒரு நாளும் அது அப்படிக் கேட்டதில்லை.

அதன் பிறகு யாரெலி எழுந்தபோது பனியன் மேலே ஏறியது. வயிற்றில் கட்டியிருந்த கச்சையைப் பார்த்தேன். சிவப்பு, கருப்புக் கரை, ஓரத்தில் ஒரு குஞ்சம் இல்லை. அது என் அம்மா மெக்சிகோவில், மிச்சோகானில் தன் தறியில் நெய்தது. 1973இல் பீட்ரூட் காட்டில் களை வெட்டும்போது ஐந்தாம் மாதத்தில் எனக்கு ஒரு பிள்ளை தங்காமல் போனது. அப்போது என் அம்மா அந்தக் கச்சையைத்தான் கட்டி, "முழுசோ குறையோ, உடம்புக்கு நாப்பது நாள்தாண்டி" என்று சொல்லி என்னை எழவிடாமல் வைத்தாள். அதன் பிறகு மூன்று பிள்ளை பெற்றபோதும் அதைத்தான் கட்டினேன். 2008 அக்டோபரில் யாரெலி பிறந்ததும் நோர்மாவுக்குக் கொடுத்தேன். நாற்பது நாள் முடிந்ததும் எர்மினியா துவைத்துத் தருகிறேன் என்று எடுத்துப் போனாள். பதினாறரை வருடமாக அவள் துவைத்துக்கொண்டிருந்தாள்.

நான் சமையலறைக்குப் போனேன். அவள் அடுப்பில் கோழிச்சாறு வைத்துக்கொண்டிருந்தாள். அங்கே நடந்த பேச்சு முழுவதும் எனக்கு நினைவிருக்கிறது.

"ஒரு உயிரை எடுத்துட்டு, கூசாமச் சாறு வச்சுக் கொடுக்குறியா?" என்று கேட்டேன்.

"உள்ள வந்து உக்காரு சம்பந்தி. வெயில்ல வந்திருக்க" என்றாள்.

"நாளைக்குக் கடவுள்கிட்ட என்ன சொல்லுவ?"

"சொல்றதை நான் சொல்லிக்கிறேன். பாவம்னா என் கணக்குல எழுதிக்கட்டும். பதினாறு வயசுப் பிள்ளை ராத்திரியெல்லாம் நடுங்குது, அதுகிட்ட நான் சட்டம் பேசுறதா?"

"அந்தக் குழந்தை என்ன பண்ணுச்சு?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் பண்ணலை. அதுக்கும் மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்கேன், அலமாரி மேல பாரு. அழுதாச்சு. இவளை விட்டுட்டு அதுக்கு மட்டும் அழ எனக்குத் தெரியலை" என்றாள். அதன் பிறகு, "நீயும் வந்து கட்டிவிடு சம்பந்தி. எனக்கு உன் அளவுக்கு இறுக்கிக் கட்ட வராது" என்றாள்.

நான் கரண்டியை எடுத்துச் சாற்றை ருசி பார்த்தேன். நல்ல வாசனையாக இருந்தது. அதில் உப்புக் குறைத்துப் போட்டிருந்தாள், உடம்புக்கு அப்படித்தான் போட வேண்டும். அவள் ஒன்றையாவது தவறாகச் செய்திருந்தால் நான் அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இந்த அலுவலகத்துக்கு வந்தேன். பதினெட்டு வயது ஆகாத பெண்ணைப் பொறுப்பாளருக்கு மறைத்து அந்தக் காரியத்துக்கு வண்டியில் ஏற்றினால் இரண்டு முதல் ஐந்து வருடம் ஜெயில் என்று கோவிலில் கொடுத்த காகிதத்தில் இருந்தது. மறைத்து என்ற சொல் இருந்ததால் மறைத்தாள் என்று சொன்னேன். ஜூன் பதினெட்டாம் தேதி எர்மினியாவைக் கைது செய்தார்கள்.

நேற்று, பத்தொன்பதாம் தேதி, யாரெலி என் வீட்டுக்கு வந்தாள். காதில் பஞ்சு இல்லை. காலுறை இல்லாமல் செருப்பு. உட்காரவில்லை. கையில் கச்சை, துவைத்து இஸ்திரி போட்டு மடித்திருந்தது. மேசைமேல் வைத்தாள். "உன்னோடதாம். போலீஸ் கார்ல ஏறுறப்ப அம்மாச்சி சொல்லுச்சு, எனக்குத் துவைக்கத் தோதுப்படலை, நீ துவைச்சு அப்பத்தாகிட்டக் கொடுத்துருன்னு" என்றாள். வயிற்றுக்கு இப்போது யார் கட்டிவிடுகிறார்கள் என்று கேட்டேன். "யாரும் இல்லை" என்றாள். பத்து நாள்கூட முழுசாக ஆகவில்லையே, வா, நான் கட்டிவிடுகிறேன் என்று எழுந்தேன். "வேணாம் அப்பத்தா. உங்கிட்ட முதல்ல சொன்னேன்ல. அதைப் போய்ச் சொல்லு. அப்புறம் கட்டு" என்றாள். கம்பிக் கதவு நேற்றும் இரண்டு தடவை அடித்தது.

ஆகவே சொல்கிறேன். பொறுப்பாளராகிய எனக்கு மே இருபத்தெட்டாம் தேதியே தெரியும். எர்மினியாவோடு போ என்று சொன்னது நான். யாரும் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. அந்தக் காரியம் பாவம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன், அதற்காக இனியும் ஜெபிப்பேன். ஆனால் போ என்று சொன்ன வாயும் இதே வாய்தான். பொறுப்பாளரின் சம்மதம் இருந்தால் வழக்கு நிற்காது என்றும், முதல் வாக்குமூலம் பொய் என்றால் என்மேல் வழக்கு வரலாம் என்றும் அதிகாரி விளக்கிச் சொன்னார். விளங்கியது. யாரும் என்னை மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. எர்மினியாவிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மேலே எழுதியதை மொழிபெயர்க்கும் அம்மாள் என் மொழியில் இரண்டு தடவை படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. நடந்தபடியும் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னும் ஒன்று எழுதச் சொன்னேன். தேவையில்லை என்று அதிகாரி விட்லாக் சொன்னார். எழுதாவிட்டால் கையெழுத்து இல்லை என்று பேனாவை வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறார். அவளை இன்றே வெளியே விடவேண்டும். கச்சையை நான் பையில் கொண்டுவந்திருக்கிறேன், இங்கிருந்து நேராகப் பிள்ளையிடம் போகிறேன். பிள்ளை என்னைக் கூப்பிட்டது, நான் போகவில்லை, எனக்குப் பதிலாக ஒருத்தி போனாள், நான் செய்யவேண்டியதை எல்லாம் ஒரு குறை இல்லாமல் செய்தாள். சாகும்வரை நான் மன்னிக்கப்போவதில்லை என்று பதிவு செய்யப்பட வேண்டிய பெயர் ஒன்றுதான்.

எர்மினியா ஒச்சோவா.