சிவப்பு ஜனம் எங்கள் ஊரில் குஞ்சு பொரித்த விதம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கொஞ்சம் கண்ணயர்கிறவன், மாரெஷல்லோ ஐயா. இன்று தூங்காமல் உங்கள் காவல் நிலையத்துக்கு நடந்து வந்திருக்கிறேன் என்றால், விஷயம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் அந்தியோக்கோ தெஸோகுஸ். சோரிக்காவில் காயலோரம் உணவகம் நடத்துகிறேன். திருவிழாக் குழுவுக்கும் நான்தான் தலைவர். மடவைச் சினையைச் சீவிப் போட்ட பாஸ்தாவை என் கடையில் நீங்கள் பலமுறை சாப்பிட்டிருக்கிறீர்கள். உப்பு கூடிவிட்டது என்றுகூட ஒருநாளும் சொன்னதில்லை. ஆகையால் நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் பக்கத்து ஊரான பௌலியின் குளத்தில் இறந்துபோன என் தங்கை கணவர் பிரியாமோவைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் பறவையிலிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும்.

பூநாரையை நம் தீவில் சிவப்பு ஜனம் என்று சும்மா சொல்வதில்லை. ஜனத்தின் குணமெல்லாம் அதற்கு உண்டு. கூட்டமாக வரும், கூட்டமாகத் தின்னும், ஒன்று தலையைத் திருப்பினால் எல்லாம் திருப்பும், தின்ற இடத்தை மறந்துவிடும். இலையுதிர் காலத்தில் சோரிக்காக் காயலுக்கு வந்தால் குளிர் முடியும்வரை அங்கேயேதான். எங்கள் இறாலைத் தின்றுதான் அதற்கு அந்த நிறமே வருகிறது. வசந்தம் பிறந்ததோ இல்லையோ, மேட்டுச்சாலையைத் தாண்டிப் பௌலிக்குப் போய், அங்கே உள்ள பழைய உப்பளக் குளத்தில் கூடு கட்டி முட்டையிடும். தீனி எங்கள் வீட்டில், பிரசவம் பக்கத்து வீட்டில். எந்த வீட்டுக்காரனுக்குப் பொறுக்கும்?

எங்களிடம் பறவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நெடுங்கால் உள்ளான் கூடு கட்டுகிறது, நாணலுக்குள் நீலத்தாழைக்கோழி குஞ்சு பொரிக்கிறது, நாமக்கோழிக்குக் கணக்கே இல்லை. ஆனால் நாமக்கோழியின் படம் போட்ட பனியனை யார் வாங்குவார்கள்? எங்கள் ஊரில் பேருந்து நிறுத்தத்துக்கு இளஞ்சிவப்பு அடித்தோம், பார்வைக் கோபுரம் எழுப்பினோம். நான் பீட்ரூட் சாறு விட்டு மாவு பிசைந்து பூநாரைப் பாஸ்தா என்று பெயர் வைத்தேன். கோடைக்கு வந்த வெளிநாட்டார் கோபுரத்தில் ஏறி வெயிலில் காயும் சேற்றைப் பார்த்தார்கள், இறங்கினார்கள், “குஞ்சு எங்கே இருக்கிறது?” என்று கேட்டுக்கொண்டு பௌலிக்குப் போனார்கள். வழியைக் காட்டியவன் நான். என் கையாலேயே காட்டினேன்.

பௌலிக் குளத்துக்குக் காவலர் பிரியாமோ. அவரும் சோரிக்காவில் பிறந்தவர்தான். எங்கள் மீனைத் தின்று வளர்ந்து, என் தங்கை பொனாரியாவைக் கட்டிக்கொண்டு, வேலை கிடைத்ததென்று பௌலிக்குப் போய் அங்கே பிள்ளைகளைப் பெற்றவர். பறவையையும் அவரையும் நான் ஒன்றாக நினைத்தேன் என்று சொல்லமாட்டேன். ஒற்றுமையை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கெட்ட மனிதர் அல்ல. பேச்சுத்தான் கொஞ்சம் நீளம். ஈஸ்டர் விருந்தில் ஆட்டுக்குட்டிக் கறியைக் கையில் வைத்துக்கொண்டு, மேசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “மச்சான், ஒங்க ஊரு அதுங்களுக்கு ஓட்டலு. திங்கும், தூங்கும், போயிரும். குடும்பம் நடத்துறது எங்க ஊர்லதான். அடுத்த தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல்லயே சேத்துடலாம்னு இருக்கோம்.”

எல்லாரும் சிரித்தார்கள், பொனாரியாவும். நானும் சிரித்தேன். “சேத்துக்குங்க மாப்பிள்ளை. ஒத்தக் கால்ல நிக்கிற வேட்பாளரும் கிடைச்சிருவாரு” என்றேன். அப்படித்தான் எங்களுக்குள் இருந்தது.

நேர் வழிகளையெல்லாம் முதலில் முயன்றேன் என்பதை நீங்கள் பதிவு செய்ய வேண்டும். காயலின் நடுவில் ஒரு திட்டுக் கட்டினேன். களிமண்ணைப் படகில் ஏற்றி, குளிர்காலம் முழுக்க, பெரும்பாலும் தனியாக. கூடு மாதிரியே சேற்றுக் குமிழ்கள் பிடித்துவைத்தேன். கார்னிவல் வண்டிகளுக்குப் பொம்மை செய்பவரைக் கொண்டு பிளாஸ்டரில் பூநாரைகள் செய்து நிறுத்தினேன். உண்மைப் பறவைகள் வந்தன. சுற்றி வந்து பார்த்தன. பெண் பார்க்க வந்த வீட்டார் பலகாரம் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று கிளம்புவார்களே, அப்படிக் கிளம்பிப் பௌலிக்குப் போய்விட்டன. ஒரு கடற்காகம் மட்டும் பிளாஸ்டர் பறவையின் முதுகில் முட்டையிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மிரியானா எங்கள் ஊர் மன்றத்தில் பேச வந்தார். கால்யாரியிலிருந்து வரும் பறவை ஆய்வாளர், படித்த பெண், எதையும் தெளிவாகச் சொல்வார். “பூநாரைங்க ஒரு எடத்த நம்பிட்டா வருஷா வருஷம் அங்கதான் வரும். ஆனா குஞ்சு இருக்கறப்ப நரியோ நாயோ உள்ள பூந்து ஒரு தடவ கலைச்சிட்டா போச்சு. அந்த எடத்த மனசுலேர்ந்து அழிச்சிரும். அடுத்த வருஷம் பக்கத்துல வேற எடம் பாக்கும்” என்றார். எச்சரிக்கையாகத்தான் சொன்னார். நான் குறை சொல்லவில்லை. எனக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான்.

பௌலிக் குளம் கடல் மட்டத்துக்குத் தாழ்வு. அதற்கு இரண்டு மதகு. வடிகால் மதகைத் திறந்தால் தண்ணீர் இன்னும் தாழ்வான வாய்க்காலுக்குப் போய்விடும், கடல் மதகைத் திறந்தால் கடல் உள்ளே வரும். கூடுகள் இருக்கும் திட்டைச் சுற்றி ஓர் அகழி ஓடுகிறது. அதில் நீர் இருக்கும்வரை நாய் தாண்டாது. மதகைத் திருப்பும் சக்கரம் பிரியாமோவின் குடிசையில் ஆணியில் தொங்கும். குடிசைக்குப் பூட்டு இல்லை. அவர் யாரையும் சந்தேகிப்பவர் அல்ல.

ஜூன் மாதம், புனித யோவான் திருநாள். பௌலியில் எல்லாரும் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தெருச் சுற்றும் நேரம். என் கடைப் பின்கட்டில் எச்சில் தின்னும் தெருநாய்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். அவற்றுக்குக் கொஞ்ச நாளாகவே நான் எதுவும் போடவில்லை. அதற்காக மனம் வருந்தியது. நாய்கள் என்ன பாவம் செய்தன?

வடிகால் மதகைத் திறந்துவிட்டுச் சவுக்கு நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் சாப்பிட்டேன். ஊருக்குள் பாண்டு வாத்தியம் கேட்டது. தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கியது. அகழியில் சேறு தெரிந்ததும் வேனின் கதவைத் திறந்துவிட்டேன்.

அப்போது முட்டைதான் இருந்தது, குஞ்சுகள் இருப்பது தெரியாது என்று நான் சொல்லலாம். சொல்லமாட்டேன். தெரியும். சாம்பல் நிறத்தில், பஞ்சு மாதிரி, பறக்கத் தெரியாமல் ஒரே கும்பலாக நின்றன. மிரியானா குஞ்சு இருக்கும்போது என்றுதான் சொன்னார். படித்தவர்கள் சொன்னால் சொன்னபடி செய்ய வேண்டும்.

பெரியவை மொத்தமாக எழும்பின. இளஞ்சிவப்பு விரிப்பு ஒன்றை வானத்தில் உதறினாற்போல இருந்தது. அந்தச் சத்தம் ஊர்வலத்துக்குள் எத்தனை பேர் காதில் விழுந்ததோ, பிரியாமோவின் காதில் விழுந்திருக்கிறது. திருநாளுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, தோளில் சபைப் பட்டையோடு கரையில் ஓடிவந்தார். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று என்னைக் கேட்கவில்லை. அதை அவருடைய நல்ல குணத்துக்குச் சான்றாகச் சொல்கிறேன்.

“மச்சான், கடல் மதகத் தொறங்க. தண்ணி ஏறுனா நாய்ங்க திரும்பிரும். தொறங்க மச்சான், குஞ்சுங்க சாவுது” என்று கத்திக்கொண்டே அகழிக்குள் குதித்தார்.

அகழியின் அடிச்சேறு எப்படிப்பட்டது என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. இருந்தும் குதித்தார். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு. அப்படியே நின்றுகொண்டு சேற்றை அள்ளி அள்ளி நாய்கள் மேல் எறிந்தார்.

நான் வடிகாலை மூடினேன். கடல் மதகைத் திறந்தேன். வடமேற்கிலிருந்து மயெஸ்த்ராலே காற்று அடித்த நாள், கடல் தயங்காமல் உள்ளே வந்தது. அவர் சொன்னது சரிதான். நாய்கள் பின்வாங்கின. பிழைத்த குஞ்சுகள் மிதக்கத் தொடங்கின.

அப்போது அவர், “போதும் மச்சான், அடைங்க. கால் வரமாட்டேங்குது” என்றார்.

ஒரே ஆள் இரண்டு விதமாகச் சொன்னால் நான் முதலில் சொன்னதைத்தான் எடுத்துக்கொள்வேன். கடையிலும் அப்படித்தான். முதலில் கேட்ட தட்டுக்குத்தான் அடுப்பு மூட்டுவேன். மேலும் குஞ்சுகளுக்குத் தண்ணீர் தேவையாக இருந்தது.

வேனில் கயிறு இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. நல்ல கயிறு, படகுக் கயிறு. அவர் அதைப் பார்க்கவும் பார்த்தார். “மச்சான், கயிறு” என்றார். பிறகு “அந்தியோக்கோ” என்றார். கல்யாணத்துக்குப் பிறகு என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. வெளியே வந்தால், வடிகாலைத் திறந்தது யார் என்றுதான் முதலில் கேட்பார். அதற்கு என்னிடம் மரியாதையான பதில் இல்லை. நான் கரையில் நின்றேன். கடைசிவரை நின்றேன். நடுவில் விட்டுவிட்டுப் போகவில்லை.

கடல் மதகை அடைத்து, சக்கரத்தைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு ஊர் திரும்பினேன். மற்றதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. தெருநாய்கள் புகுந்தன, மதகு கசிந்திருக்கும், காவலர் பறவைக்காக உயிர் கொடுத்தார். நாய்களை நீங்கள் சுட்டுவிட்டீர்கள். பௌலியில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அடக்கத்தன்று நான் கடையை மூடி, வீட்டாருக்கு என் கையாலேயே மட்டி போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனேன். பொனாரியா அதைத் தொடவில்லை.

“அண்ணே, அவருக்குத்தான் நீச்சல் தெரியுமே” என்றாள்.

“சேத்துல நீந்த முடியாது, தாயி.”

“யாரையாவது கூப்பிட்டிருப்பாரே. அவரு தொண்டை ஒனக்குத் தெரியாதா? ஒருத்தருக்குக் கூடவா கேக்கல?”

“பாண்டுச் சத்தம்” என்றேன். அவள் தலையை என் தோளில் சாய்த்து அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். அண்ணன் என்று ஒருவன் அதற்குத்தானே இருக்கிறான்.

இந்த வசந்தத்தில் சிவப்பு ஜனம் மேட்டுச்சாலையைத் தாண்டவில்லை. பௌலிப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, நான் கட்டிய திட்டில் இறங்கின. சேற்றை அலகால் குவித்தன. கூடு, முட்டை எல்லாம் என் பீங்கான் தட்டுகளுக்கு எதிரே. சென்ற வாரம்தான் முதல் குஞ்சு வெளிவந்தது. உணவகத்துச் சன்னலில் நின்று பார்த்தேன். பெற்றவனுக்கு என்ன தோன்றுமோ அது தோன்றியது.

நான் ஆரவாரம் எதிர்பார்க்கவில்லை. ஒரு நல்ல வார்த்தை போதும் என்று இருந்தேன். மிரியானா தொலைக்காட்சியில் வந்து, “இது சுத்தமான தற்செயல். பறவைங்க மனசு யாருக்குத் தெரியும்?” என்றார். அவர் வாயாலேயே சொல்லிக்கொடுத்துவிட்டுத் தற்செயல் என்கிறார். ஞாயிறு பூசையில் பாதிரியார், பிறந்த மண்ணுக்குப் பிரியாமோவின் ஆன்மா அனுப்பிய பரிசு இது என்றார். ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. நேற்று மேயர் என் கடைக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே, அந்தத் திட்டுக்குப் பிரியாமோ திட்டு என்று பெயர் வைக்க மன்றம் ஒருமனதாக முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். “திருவிழாக் குழுத் தலைவருங்கறதால நீங்களே திரையத் தொறந்து வைக்கணும்” என்றார்.

அந்தத் திட்டில் பிரியாமோ ஒரு கூடை மண் போட்டதில்லை. ஒருநாள் படகில் வந்து பார்த்துவிட்டு, “என்ன மச்சான், மணல் வீடா?” என்று கேட்டதோடு சரி. இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊர் இப்படி ஒரு பொய்யை நம்பி வாழக்கூடாது என்று தோன்றியது.

அதனால்தான் வந்தேன். வடிகாலைத் திறந்தவன் நான், நாயை விட்டவன் நான், கயிற்றை வைத்துக்கொண்டு நின்றவனும் நான். அவரைக் கொன்றேன் என்றே எழுதுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் சோரிக்காவில் பூநாரை குஞ்சு பொரித்தது தற்செயலும் இல்லை, ஆன்மாவும் இல்லை, அந்தியோக்கோ தெஸோகுஸின் உழைப்பு என்பதை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். ஒரு பிரதியைப் பொனாரியாவுக்கு அனுப்பிவிடுங்கள். முதலில் கொஞ்சம் அழுவாள். ஆனால் தன் அண்ணன் எடுத்த காரியத்தை எப்படி முடித்தான் என்று தெரிந்தால் அவளுக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.