அம்மா பழகிய வாள்

தக்ஷிகா: கோயிலுக்கெண்டு சொல்லிப்போட்டு இஞ்ச என்னம்மா செய்யிறியள்?

ஜெகதீஸ்வரி: கோயிலுக்கும் போனனான். கும்பிட்டிட்டு அப்பிடியே இஞ்சால வாறது. நீ என்னெண்டு...

தக்ஷிகா: காரில வரேக்கக் கண்டன், இந்த நீட்டுப் பையோட. முதல் ஏறுங்கோ, மழையில நிக்காமல். என்ன பைக்குள்ள, உலக்கையோ?

ஜெகதீஸ்வரி: வாள்.

தக்ஷிகா: என்னது?

ஜெகதீஸ்வரி: மூங்கில் வாள். யப்பான்காரற்ற வாள்வித்தை, கெண்டோ எண்டு சொல்லுறது. சனிக்கிழமையில இந்த ஹோலில பழக்குகினம்.

தக்ஷிகா: முழங்கால் நோகுதெண்டு மாடிப்படி ஏறமாட்டாத ஆள் நீங்கள்.

ஜெகதீஸ்வரி: இஞ்ச மாடி இல்லை.

தக்ஷிகா: கையைக் காட்டுங்கோ. நீலம் பாரிச்சுக் கிடக்கு... அப்பாட்ட, கதவில அடிபட்டதெண்டு சொன்னனீங்கள்.

ஜெகதீஸ்வரி: வாளடி கையுறைக்கு மேல விழுந்திட்டுது. பழக்கிற பிள்ளை பாவம், திருப்பித் திருப்பி மன்னிப்புக் கேட்டது. யூக்கோ எண்டு பேர். உன்ர வயசுதான் இருக்கும்.

தக்ஷிகா: விசரே உங்களுக்கு? தம்பியை ஒரு பொடியன் குத்திச் சாக்காட்டினதுக்குப் பிறகு நீங்கள் வெங்காயம் வெட்டவும் கத்தி தொடுறேல்லை. அப்பாதான் வெட்டுறார்.

ஜெகதீஸ்வரி: ஓம்.

தக்ஷிகா: அப்ப என்னத்துக்கு இது?

ஜெகதீஸ்வரி: முதல் நாள் அந்தப் பிள்ளை வாளைத் தலைக்கு மேல தூக்கினவுடன நான் போய்ச் சுவரோட ஒட்டிட்டன். முகத்துக்கு இரும்புக் கம்பிக் கவசம் போட்டிருக்கு, ஒண்டும் செய்யாது, எல்லாம் தெரியும். எண்டாலும் ஏலேல்லை. டொய்லற்றுக்குள்ள போய்ச் சத்தி எடுத்தன்.

தக்ஷிகா: பிறகும் போனனீங்களோ?

ஜெகதீஸ்வரி: அடுத்த சனியும் சத்தி எடுத்தன். பிறகு ஒருமாதிரி நிண்டன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. அடிக்கேக்கக் கத்த வேணும், அதுதான் அவையின்ர முறை. எனக்குத் தம்பியின்ர பேர்தான் வந்தது, பிரியந்தனெண்டு. எல்லாரும் நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தினம்.

தக்ஷிகா: அம்மா...

ஜெகதீஸ்வரி: இண்டைக்கு மூடேல்லை. வாள் நெத்தியில வந்து விழுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான்.

தக்ஷிகா: உண்மையைச் சொல்லுங்கோ. குத்தின பொடியனை என்னவும் செய்யிற யோசனையோ?

ஜெகதீஸ்வரி: மூங்கிலாலயோ?

தக்ஷிகா: பகிடி விடாதேங்கோ.

ஜெகதீஸ்வரி: திங்கட்கிழமை தம்பியின்ர வழக்கில, கோட்டில அந்தப் படத்தைப் போடுகினமெல்லே. வீதிக் கமெராவில பிடிபட்டது.

தக்ஷிகா: அதுக்கு நீங்கள் வாறேல்லை. அப்பாவும் வாறேல்லை. நான் போறன். கதைச்சு முடிச்ச விசயம்.

ஜெகதீஸ்வரி: நீ கதைச்சாய். நான் ஓமெண்டு சொல்லேல்லை.

தக்ஷிகா: மற்ற நாளெல்லாம் வாங்கோ. அந்தப் படம் ஓடுற நேரம் மட்டும் வெளியில இருங்கோ. கெஞ்சிக் கேக்கிறன். அதில...

ஜெகதீஸ்வரி: அதில?

தக்ஷிகா: ஒண்டுமில்லை. பெல்ட்டைப் போடுங்கோ, போவம்.

ஜெகதீஸ்வரி: காரை எடுக்காத. பொலிஸில இருந்து வீட்டை வாற மனிசி எனக்கு முதலே சொன்னவ, படத்தில என்னென்ன தெரியுமெண்டு. நான் திடுக்கிடாமல் இருக்க. தம்பி விழுறது தெரியுமாம். அவனோட வந்த பொம்பிளைப் பிள்ளை ஒண்டு ஓடுறதும் தெரியுமாம்.

தக்ஷிகா: ஆரெண்டு சொன்னவவோ?

ஜெகதீஸ்வரி: பேர் சொல்லேல்லை. சொல்லவேண்டாமெண்டு அந்தப் பிள்ளை கேட்டதாம். நானும் விட்டிட்டன்.

தக்ஷிகா: கார்க் கண்ணாடியை இறக்கிறன்...

ஜெகதீஸ்வரி: தம்பி செத்த அண்டைக்கு நீ வேலையால நேர வாறனெண்டு வந்தாய். ஒரு காலில சப்பாத்து இல்லை. மற்றதை நான்தான் எடுத்துக் குப்பையில போட்டனான், அப்பா காணமுன்னம்.

தக்ஷிகா: ஒரு வருசம்... ஏனம்மா ஒரு வார்த்தை கேக்கேல்லை?

ஜெகதீஸ்வரி: கேட்டிருந்தா நீயும் எனக்கு இல்லாமல் போயிருப்பாய்.

தக்ஷிகா: அவன் என்னைக் கூப்பிட்டவன். காதில கேட்டது. அது படத்தில வராது, அதுக்குச் சத்தம் இல்லை. நான் திரும்பேல்லை.

ஜெகதீஸ்வரி: ம்.

தக்ஷிகா: எல்லாம் தெரிஞ்சும் ஏன் வாறியள்? நான் அவனை விட்டிட்டு ஓடினதைக் கண்ணால பாக்கவோ?

ஜெகதீஸ்வரி: நீ திங்கட்கிழமை படத்தைப் பாக்கமாட்டாய் பிள்ளை. பக்கத்தில இருந்து என்ர முகத்தைத்தான் பாப்பாய். நீ ஓடுற இடத்தில நான் முகத்தைத் திருப்பினா, அதுக்குப் பிறகு நீ வீட்டை வரமாட்டாய்... திருப்பாமல் இருக்கத்தான் பழகினனான்.