மஞ்சள் மக் தொங்கிய டிரெய்லர்

பெயர், முகவரி: தனித் தாளில் எழுதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.
வயது: 27.
தொழில்: டிரெய்லர் லாரி ஓட்டுநர்.
பதிவு தொடங்கிய நேரம்: புதன்கிழமை, பகல் 12.10.

நான் மேற்படி முகவரியில் மாடி அறை ஒன்றில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். குடும்ப விவரம் கேட்கப்பட்டது. அம்மாவும் அக்காவும் வேறு ஊரில் இருக்கிறார்கள், அதற்குமேல் இந்த விசாரணைக்குத் தேவைப்படாது என்று சொன்னேன். காவல் ஆய்வாளர் ஒத்துக்கொண்டார். புகார் கொடுத்திருக்கும் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் பதினொரு மாதத்துக்கு மேலாக வேலை செய்து வருகிறேன். ஒரு வருடம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. டிரெய்லர்கள் நிற்கும் யார்டில் என்னை 'லைப்ரரி' என்று கூப்பிடுவார்கள். ஸ்டீயரிங் முன்னால் எப்போதும் ஒரு புத்தகம் கிடப்பதுதான் காரணம்.

வெளியே பெஞ்சில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருக்கும் ஓட்டுநர் எனக்கு உறவினர் அல்ல. அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. எதைக் கேட்டாலும் 'அஞ்சு நிமிஷம்' என்று சொல்வதால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவரும் நானும் ஜோடி ஓட்டுநர்கள். அதாவது, ஒன்பது மணி நேரப் பாதையில் என் ஊர் ஒரு முனை, அவர் ஊர் மறுமுனை. இருவரும் காலையில் கிளம்பிப் பதினொரு மணிவாக்கில் நடுவில் இருக்கும் யார்டுக்கு வருவோம். நான் கொண்டுவந்த டிரெய்லரை அவரும் அவர் கொண்டுவந்ததை நானும் மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவோம். இதனால் இருவருமே மாலைக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.

யார்டில் ஒரே நிறத்தில் முப்பது, நாற்பது டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும். டிரிப் ஷீட்டில் உள்ள எண்ணையும் டிரெய்லரின் பின்னால் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும் என்பது கம்பெனி விதி. நாங்கள் அப்படிச் செய்வதில்லை. முதலில் வருகிறவர், தான் கொண்டுவந்த டிரெய்லரின் தாங்குகாலை இறக்கும் கைப்பிடியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் மக்கைத் தொங்கவிடுவார். அடுத்தவர் மக்கைப் பார்த்து அந்த டிரெய்லரை மாட்டிக்கொள்வார். மக் அண்ணனுடையது. இந்தப் பழக்கத்தை யார் தொடங்கியது என்று கேட்கப்பட்டது. எண்களைத் தேடி வெயிலில் வரிசை முழுக்க நடக்கச் சோம்பல்பட்டு நான்தான் கேட்டேன், அவர் மக்கைக் கொடுத்தார்.

நேற்று செவ்வாய்க்கிழமை நான் யார்டுக்குப் போனபோது மணி பதினொன்று ஐந்து. அண்ணன் எனக்கு முன்பே வந்து, 2086 எண்ணுள்ள டிரெய்லரைக் கழற்றி விட்டிருந்தார். அதில் சலவைத்தூள் பெட்டிகள். நான் அதைத்தான் எடுக்க வேண்டும். நேற்று கம்பெனியில் எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரு கருத்துப் படிவம் கொடுத்திருந்தார்கள். வேலை எப்படி இருக்கிறது, என்ன குறை என்று பத்துக் கேள்விகள். பெயர் எழுத வேண்டாம் என்று மேலே அச்சிட்டிருந்தது. அண்ணன் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். எனவே என் வண்டிப் படியில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

அதன் பிறகு அவர் படிவத்தை ஆபீஸ் பெட்டியில் போடப் போனார். நான் மக்கைத் தேடிப் போனேன். மக் வரிசையில் நான்காவதாக நின்ற டிரெய்லரில் தொங்கியது. மக்கைக் கழற்றி அண்ணன் வண்டிப் படியில் வைத்துவிட்டு, அந்த டிரெய்லரை மாட்டினேன். அதன் எண் 3157. உள்ளே ஆஸ்பத்திரி மெத்தைகள், வேறு திசைக்குப் போக வேண்டியவை. 2086, 3157 இரண்டுக்கும் ஒரு இலக்கம்கூட ஒற்றுமை இல்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

வாசல் காவலாளி என் டிரிப் ஷீட்டை வாங்கி, அதில் இருந்த 2086 என்ற எண்ணை வெளியே போனதாகப் பதிவேட்டில் எழுதினார். தினமும் பார்க்கிற ஆள் என்பதால் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. அவர்மேல் நான் குறை சொல்லவில்லை. திரும்பும் வழியில் ஒரு நீண்ட ஏற்றம் இருக்கிறது. வழக்கமாக இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் வண்டி நேற்று சிரமமில்லாமல் ஏறியது. சலவைத்தூளுக்கும் மெத்தைக்கும் எடையில் உள்ள வித்தியாசம் என்று எனக்குத் தோன்றவில்லை. போன வாரம் ஒர்க்‌ஷாப்பில் நன்றாக வேலை பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் படிவத்தில் ஒர்க்‌ஷாப்பைப் பற்றிக் கடுமையாக எழுதிவிட்டேனே என்று வருத்தமாகக்கூட இருந்தது. நான்கு மணிக்கு எங்கள் டிப்போவில் டிரெய்லரை விட்டுவிட்டு அறைக்குப் போனேன்.

இன்று காலை ஆறரை மணிக்கு டிப்போவுக்குப் போனபோது, சரக்கு இறக்குகிறவர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா லைப்ரரி, சோப்புத்தூளுன்னு சொன்னாங்க. சீல்ல நம்பர் வேற, டிரெய்லர் நம்பரும் வேற. யாரு வீட்டு வண்டிய ஓட்டிட்டு வந்தே?" என்று கேட்டார். நான் பின்னால் போய் எண்ணைப் பார்த்தேன். அப்போதுதான், நேற்று மதியம் 3157 காணாமல் போனதாகப் புகார் கொடுத்திருப்பதும், கடைசியாக யார்டை விட்டுப் போனவர் என்பதால் அண்ணனை இன்று நிலையத்துக்கு வரச் சொல்லியிருப்பதும் எனக்குத் தெரிந்தது. 2086 நேற்று முழுவதும் அதே வரிசையில்தான் நின்றிருக்கிறது. போய்விட்டதாக எழுதிய வண்டியை யாரும் தேடவில்லை.

மேற்பார்வையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், "மொதல்ல வண்டியக் கொண்டுபோய் விடு. உன் கதைய அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அதன் பிறகு 3157-ஐ நானே ஓட்டிவந்து, சீல் உடையாமல் யார்டில் ஒப்படைத்து, ரசீது பெற்று, அங்கிருந்து நடந்து இந்த நிலையத்துக்கு வந்தேன். என்னை யாரும் அழைக்கவில்லை. வாசலில் அண்ணன் என்னைப் பார்த்து, "போர்டப் பாத்துத்தான் உள்ள வந்தியா, இல்ல இங்கயும் மக் தொங்குச்சா?" என்று கேட்டார்.

மக் விஷயத்தை அவர் ஏன் போலீஸிடம் தானாகச் சொல்லவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். சொன்னால் நான் எண் பார்க்காமல் மாட்டியது வெளிவரும். நிரந்தரமாகாத ஓட்டுநருக்கு அது வேலை போகிற தவறு. ஒன்பது நாள் கணக்கு அவருக்கும் தெரியும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு ஆய்வாளர் கேமரா படத்தைக் காட்டினார். அதில் 11.25-க்கு மக் 3157-ல் தொங்குகிறது. அண்ணன் வேண்டுமென்றே அதில் மாட்டி என்னைத் தவறான டிரெய்லரை எடுக்க வைத்தார் என்பது, இன்று காலை நான் மேற்பார்வையாளரிடம் சொன்ன பிறகு கம்பெனி சொல்லும் குற்றச்சாட்டு. இது உண்மையல்ல. யார்டு கூட்டும் அக்காவிடம் இன்று விசாரித்தேன். அவர் நேற்றுப் பதினொரு மணிக்குமேல் குழாயடியில் கால் கழுவ மக்கை எடுத்ததாகவும், திரும்ப வரும்போது எது என்று நினைவில்லாமல் பக்கத்து டிரெய்லரில் மாட்டியதாகவும் சொன்னார். "அது பாட்டுக்கு மக்குனு நெனச்சேன், அதுலதான் கம்பெனியே ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவரும் வெளியே காத்திருக்கிறார்.

அதன் பிறகு கருத்துப் படிவம் என்னிடம் காட்டப்பட்டது. பெயர் வேண்டாம் என்று அச்சிட்ட தாள் இங்கே எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கையெழுத்து என்னுடையது, பதில்கள் அவருடையவை. முதல் கேள்வி, கம்பெனியைப் பற்றி உங்கள் பொதுவான கருத்து என்ன. பதில்: "யானை மாதிரி. நல்ல ஜீவன்தான். ஆனா பக்கத்துல யாரு நிக்கறான்னு பாக்காமத் திரும்பும்." இதில் சிவப்புக் கோடு போடப்பட்டிருந்தது. ஐந்தாம் கேள்வி, யார்டில் என்ன மாற்றம் வேண்டும். பதில்: "எதுவும் நடக்காது. ஒரு நாள் ஒரு வண்டி காணாமப் போனாத்தான் ஆபீஸ்காரங்க இங்க வந்து எட்டிப் பாப்பாங்க." இதில் இரண்டு கோடுகள். அவருக்குக் கம்பெனிமேல் கோபம் இருந்ததற்கும், முன்கூட்டியே திட்டமிட்டதற்கும் இதுவே ஆதாரம் என்று புகாரில் எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் பதில் வந்த விதத்தைச் சொல்கிறேன். யார்டில் பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஓட்டுநர்களில் நான் ஒருத்திதான் பெண். ஐந்து மாதமாக நான்கு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன், நகல் என்னிடம் உள்ளது. நான் போகும்போதெல்லாம் அண்ணன் இருபதடி தள்ளி, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல நிற்பார். இதைப் பற்றி நாங்கள் ஒருபோதும் பேசியதில்லை. நேற்று ஐந்தாம் கேள்வியைப் படித்ததும் தாழ்ப்பாள் வேண்டும் என்று எழுதச் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது, வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாகத்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். அவர் சொன்னபடி தாழ்ப்பாள் என்று எழுதியிருந்தால் இந்தச் சந்தேகம் வந்திருக்காது.

தாளின் பின்பக்கம் யாரும் கோடு போடவில்லை. அதைத் திருப்பிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். பத்தாம் கேள்வி அங்கே இருக்கிறது: உங்கள் குடும்பத்தில் ஒருவரை இந்த வேலையில் சேர்ப்பீர்களா? பதில்: "என் மருமகளுக்கு அடுத்த மாசம் லைசன்ஸ் வருது. ஒரு ஜோடி எடம் காலியா வைங்க." ஆய்வாளர் இதை வாய்விட்டுப் படித்தார். பிறகு எழுத்தரைப் பார்த்தார். கெடுக்க நினைக்கிற கம்பெனிக்கு யாரும் மருமகளை அனுப்பமாட்டார்கள் என்று நான் சொன்னேன்.

கம்பெனியைப் பற்றி என் கருத்தும் கேட்கப்பட்டது. இதற்கு முன் தனி முதலாளி ஒருவரிடம் லாரி ஓட்டினேன். கிளம்பினால் பன்னிரண்டு நாள். எங்கே தூங்கினேன், யாரோடு பேசினேன் என்று போனில் கேட்பார். இங்கே மாலையில் என் அறைக்குப் போய், என் விளக்கைப் போட்டு, விட்ட பக்கத்திலிருந்து படிக்கிறேன். இவ்வளவு பெரிய கம்பெனியில் நம்மை யாருக்கும் தெரியாது என்பதை மற்ற ஓட்டுநர்கள் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது வசதியாக இருக்கிறது. இந்தத் தவறுக்காக என்னை எடுத்துவிட்டால் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மனிதர்மேல் எந்தத் தவறும் இல்லை.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கூட்டும் அக்கா உள்ளே அழைக்கப்பட்டார். மக் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டு, வண்டி காணோம் என்று நேற்று மாலை ஆபீஸிலிருந்து நான்கு பேர் யார்டுக்கு வந்தார்கள், அதில் ஒரு அம்மாவுக்கு அந்தக் கழிப்பறைக்குப் போக வேண்டியதாகிவிட்டது, இன்று காலை ஒன்பது மணிக்கே ஆசாரி வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டார் என்றும் சொன்னார். இதற்கும் வழக்குக்கும் தொடர்பில்லை என்று ஆய்வாளர் சொன்னார். நான் கேட்டுக்கொண்டதால் எழுதப்படுகிறது.

1.20 மணிக்கு என் போனில் நாளைக்கான டிரிப் ஷீட் வந்தது. பதினொரு மணி, அதே யார்டு, அதே ஜோடி. அதே நேரத்தில் வெளியே பெஞ்சிலும் ஒரு போன் ஒலித்தது. புகார் கொடுத்த பிரிவும் ஷீட் அனுப்பும் பிரிவும் வெவ்வேறு மாடிகளில் இருக்கின்றன என்று ஆய்வாளரிடம் விளக்கினேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய், "பெரியவரே, நீங்க வீட்டுக்குப் போலாம்" என்று சொன்னதும், "அஞ்சு நிமிஷம் சார், அந்தப் பொண்ணு வரட்டும்" என்று அவர் சொன்னதும் எனக்குக் கேட்டன.

கைப்பற்றப்பட்ட மஞ்சள் மக்கை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். டிரெய்லரில் இனி அது தொங்காது.

மேலே எழுதியவற்றை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். அதன் பிறகு தாளை வாங்கி நானும் ஒருமுறை படித்தேன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொன்னதே இதில் இருக்கிறது. டிரெய்லர் எண்கள் வரும் இடங்களில் மட்டும் நிறுத்தி, ரசீதோடு வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கின்றன. கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பகல் 1.45